சுடாத தகடு

எனக்கென்று கடை கிடையாது. ஒரு மொபெட், அதன் முன்பக்கம் கட்டிய ஒரு பெட்டி, அவ்வளவுதான். பெட்டிக்குள் ஸ்பேனர்கள், மல்டிமீட்டர், உப்புத்தாள், கொஞ்சம் டயோடுகள், மாற்று லுங்கி ஒன்று. சேலத்துக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில் எந்தப் பட்டறையில் வெல்டிங் மெஷின் படுத்துக்கொண்டாலும் யாராவது எனக்குப் போன் போடுவார்கள். போவேன், சரி செய்வேன், அங்கேயே சாப்பிடுவேன், அடுத்த ஊருக்குக் கிளம்புவேன்.

பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. அதற்கப்புறம் லாரியில் கிளீனர், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே பல மாநிலம், ஆட்டையாம்பட்டியில் விசைத்தறி, மேட்டூரில் ஒப்பந்தக் கூலி. ரிக்கில் குழாய் நழுவி இடது கை நடுவிரலின் நுனி போயிற்று. கல்யாணமும் ஒன்று நடந்தது. ஓரிடத்தில் தங்காத ஆளோடு எத்தனை நாள் காத்திருப்பது என்று அவள் அவளுடைய வழியைப் பார்த்துக்கொண்டாள். கேட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சேலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், வந்து விழும் மெஷின்களை உடைத்துச் செம்புக் கம்பியைப் பிரித்தெடுக்கும் வேலை கிடைத்தது. தினமும் உடைத்துக்கொண்டிருந்தால் எது எதோடு சேர்ந்திருந்தது என்று கை தானாகத் தெரிந்துகொள்கிறது. அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

இந்த வருடம் பொங்கலுக்கு முந்தின வாரம், காலையில் ராசிபுரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பரமத்தி வேலூருக்குக் கொஞ்சம் இப்பால், வாய்க்கால் ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர்.

"ஏனுங்ணா, எங்கீங்க இருக்கறீங்க?"

"ராசிபுரத்துல. டீ குடிச்சிட்டிருக்கறேன்."

"குடிச்ச வரைக்கும் போதுமுங்க, கெளம்புங்க. மெஷின் எருமையாட்டம் உறுமுது, பியூஸ் நிக்க மாட்டேங்குது. இங்க ஒரு கொப்பரை வந்து கெடக்குதுங்க."

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "அந்தண்ணன மொபெட்ல வர வேண்டாம், பறந்து வரச் சொல்லுங்க."

நாமக்கல் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அந்தப் பட்டறையை நான் முன்பு ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஆனால் மறக்க முடியாது. வெல்டிங் பட்டறை என்றால் கரி, துரு, வெல்டிங் ராடுத் துண்டு, எண்ணெய்ப் பிசுக்கு. இவருடைய பட்டறையில் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம். சுத்தியல் பிடி பச்சை, வைஸ் சிவப்பு, கேஸ் சிலிண்டர் வண்டி மஞ்சள். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் நாலைந்து நாள் கடையை மூடிவிட்டு எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்பார். மூலையில் மெஷின், வான நீலத்தில், புதுசு போல. நெற்றியில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் ஆமை ஓடு போல வெல்லம் காய்ச்சும் கொப்பரை குப்புறக் கிடந்தது. ஆள் படுக்கிற அகலத்துக்கும் மேலே. அதன் பக்கத்தில் ஒரு லாரி டயர் மேல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கொப்பரை வெல்ல ஆலைக்காரருடையது. கரும்பு அவளுடையது.

என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். அவளும் வீட்டுக்காரரும் ஆற்றோரம் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தார்கள். போன வருடம் வாழை வைத்தார்கள், காற்றில் மொத்தமாகச் சாய்ந்தது. இந்த வருடம் கரும்பு. ஆலையில் இன்றைக்கு இவர்கள் முறை. விடியலிலேயே கரும்பு ஆட்ட ஆரம்பித்துத் தொட்டி நிறைய சாறு பிடித்தாகிவிட்டது. முதல் கொப்பரை ஊற்றித் தீயைக் கூட்டியதும் அடியிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம், கருகிய வாடை. அடித்தகட்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சாறு அடுப்புக்குள் சொட்டியிருக்கிறது.

"தொட்டியில இருக்கற சாறு பொழுது சாயறதுக்குள்ள புளிச்சுருமுங்ணா," என்றாள். "வெட்டிப் போட்ட கரும்பு காட்டுல கெடக்குது. ஒரு வருசத்துப் பாடு. இன்னிக்கு விட்டா அந்த ஆலையில பொங்கலுக்கு முன்னால முறை கெடைக்காது. மத்த ஆலையெல்லாம் கேட்டாச்சு, எங்கயும் எடமில்ல."

வேறு பட்டறைக்குக் கொண்டுபோகலாம்தான். ஆனால் அந்த வாரம் எங்கேயும் மெஷின் சும்மா நிற்கவில்லை. அதோடு அந்த அடித்தகடு வருடக்கணக்காகத் தீயில் தேய்ந்து மெலிந்திருந்தது. சாதாரண ஏசி மெஷினில் ராடு வைத்தால் வெடிப்பு ஓட்டையாகும். டிசி மெஷினில்தான் தீ மென்மையாக நிற்கும். பக்கத்தில் டிசி வைத்திருந்தவர் இவர் ஒருத்தர்தான்.

மெஷின் மூடியைக் கழற்றினேன். கீழே டிரான்ஸ்பார்மர், மேலே காற்றாடி, நடுவில் அலுமினியத் தகடுகள். தகடுகளில் ஆறு டயோடுகள், கட்டைவிரல் தடிமனில், கீழ்ப்பக்கம் மரையோடு. இந்த ஆறும் சேர்ந்ததுதான் ரெக்டிபையர். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கரண்ட் தறியில் நூலைச் சுமந்து ஓடும் நாடா மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருக்கும். டயோடு அதை ஒரே பக்கமாகத்தான் விடும். அது செத்துப்போனால் இரண்டு பக்கமும் விட்டுவிடும். அப்போதுதான் மெஷின் உறுமும், பியூஸ் போகும்.

மெயின் சுவிட்சை அணைத்து பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதை எங்கே போனாலும் செய்வேன். விரல் நுனி போனவனுக்கு மீதியின் மேல் அக்கறை அதிகம். ஒவ்வொரு டயோடின் மேல்கம்பியையும் கழற்றி மீட்டர் முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஐந்து சரி. வலது ஓரத்தில் இருந்த ஒன்று எப்படி வைத்தாலும் 'பீப்' என்றது.

"இதாங்க," என்றேன்.

"அதேதாங்ணா! கார்த்திகையில அதேதான் போச்சு. கரூர்ல இருந்து ஒரு மெக்கானிக்கு வந்து மாத்துனாரு. புதுசுதான் போட்டாரு, என் கண்ணு முன்னால."

"புதுசு இத்தன சீக்கிரம் போவாதே."

"அதைத்தான் நானுங் கேக்கறேன்."

டயரிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் கேட்டுட்டே இருந்தா யாருங்க பதில் சொல்றது?"

டயோடில் இரண்டு வகை உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உடம்பில் போட்டிருக்கும் அம்புக்குறி ஒன்றில் மேலே பார்க்கும், ஒன்றில் கீழே பார்க்கும். மாற்றிப் போட்டால் சுவிட்சைத் தட்டிய உடனே எல்லாம் சேர்ந்து போகும். என் பெட்டியில் தேடினேன். சரியான அம்பு உள்ளது ஒன்றே ஒன்று இருந்தது. அதைத் துடைத்து, செத்ததைக் கழற்றிய இடத்தைத் துணியால் துடைத்து, மாட்டி இறுக்கினேன். மேல்கம்பியின் நுனி வளையத்தைப் பிடித்து முடுக்கி, கம்பி தகட்டில் உரசாமல் ஒரு பிளாஸ்டிக் உறை ஏற்றினேன். பியூஸ்களைத் திருப்பிப் போட்டு சுவிட்ச் தட்டினேன். உறுமல் இல்லை. காற்றாடி சத்தம் மட்டும்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஆச்சுங்களா?"

"ஒரு துண்டு இரும்புல அடிச்சுப் பாக்கட்டும்."

வெல்டர் ஒரு பழைய ஆங்கிள் இரும்பில் அடுத்தடுத்து இரண்டு ராடு ஓட்டினார். தீ அழகாக நின்றது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கரூர்க்காரர் மாற்றியபோதும் இப்படித்தானே நின்றிருக்கும். மறுபடியும் சுவிட்சை அணைத்து, பியூஸைப் பிடுங்கி, புது டயோடைத் தொட்டேன். தொட்ட கையைச் சட்டென்று எடுத்தேன். அவ்வளவு சூடு. அதன் கீழே இருந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

அந்தத் தகடு அங்கே இருப்பதே சூட்டை வாங்கிக்கொள்ளத்தான். டயோடு சுட்டால் தகடும் சுட வேண்டும். காற்றாடி தகட்டை ஆற்ற வேண்டும். டயோடு கொதித்து, தகடு மட்டும் குளிர்ந்து கிடந்தால் நடுவில் யாரோ குறுக்கே நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

டயோடைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். பளபளவென்று வெள்ளி நிறம். அலுமினியம் அப்படித்தானே இருக்கும். ஸ்பேனர் முனையால் ஒரு கீறு கீறினேன். முருங்கைக்காய்த் தோல் மாதிரி ஒரு நார் சுருண்டு வந்தது. அதன் கீழே இருந்தது வேறு வெள்ளை. மங்கலான, நிஜமான அலுமினியம்.

"இது பெயிண்டுங்க," என்றேன்.

வெல்டர் குனிந்து பார்த்தார். கீறலை நகத்தால் தடவினார்.

"ஆயுத பூசைக்கு அடிச்சதுங்க," என்றார் கடைசியில். "உள்ளார ஒரே கரியா இருந்துச்சு. தகடு தகடா இருக்குதே, சில்வர் பெயிண்ட் அடிச்சா நல்லா இருக்குமேன்னு. டயோடு மேல பெயிண்ட் பட்டா கெட்டுப்போயிருமேன்னு பயந்து, ஆறையும் கழட்டி, எது எங்கன்னு கலர் நூலு கட்டி வெச்சு, அடிச்சுக் காய விட்டு, மறுபடியும் அதது எடத்துல மாட்டினேன். ஒண்ணுகூட மாறலீங்க."

மாறவில்லைதான். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கவனமில்லாத ஆளாக இருந்தால் டயோடுகளைக் கழற்றாமல் மேலோடு தீற்றியிருப்பார். அடியில் சுத்தமாக இருந்திருக்கும், மெஷினும் ஓடியிருக்கும். இவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, அது உட்காரும் இடத்துக்கே இரண்டு கோட் அடித்திருக்கிறார். வெள்ளி மேல் வெள்ளி. கரூர்க்காரர் கண்ணுக்கும் தெரியவில்லை, முதலில் என் கண்ணுக்கும் தெரியவில்லை.

"சாமிக்குச் செஞ்சதுங்ணா," என்றார் மெதுவாக. "அது தப்பாப் போவுமா?"

அதற்குள் அவள் வந்து மெஷினுக்குள் எட்டிப்பார்த்தாள்.

"ஏனுங்ணா, மாட்டுக்குப் பொங்கலுக்குக் கொம்புலதான் பெயிண்ட் அடிப்பாங்க. நீங்க கொடலை வெளிய எடுத்து அடிச்சு உள்ள வெச்சிருக்கறீங்க. மாடு நிக்குமா?"

வெல்டர் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வாயி, வாயி. உன்ற ஊட்டுக்காரரு எப்படித்தான் குடும்பம் பண்றாரோ அம்மிணி."

"அவரு பேச மாட்டாருங்க, அதனால பொழைப்பு ஓடுது. நானுந்தான் பம்புசெட்டுப் பெட்டிக்கு மாலை போடறேன்னு சுவிட்ச்சுக்குள்ள சாமந்திப் பூவு விட்டேன். சாமி ஒண்ணுஞ் சொல்லலை, மோட்டாருதான் சொல்லுச்சு."

இப்போது ஒன்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. இந்த ஒரு டயோடு உட்காரும் இடத்தை மட்டும் சுரண்டி மாட்டினால் உடனே கொப்பரை மேல் வேலையைத் தொடங்கலாம். மற்ற ஐந்தும் அதே பெயிண்ட் மேல்தான் இருந்தன. ஏதோ இறுக்கத்தில் தப்பித்திருந்தன. கொப்பரைக்கு நீளமாக வெல்டிங் போட வேண்டும். நடுவில் இன்னொன்று போனால் என்னிடம் மாற்று இல்லை. ஆறையும் கழற்றிச் சுரண்டினால் மதியம் ஆகிவிடும். சாறு அங்கே காத்திருந்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் அவளிடம் சொன்னேன். கரும்பு அவளுடையது.

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க, சாறு எப்படி இருக்குது?"

"ஓரத்துல நொரை கட்டுது. ஆச்சா அங்க?" அவள் வீட்டுக்காரர் குரல் பதறியது.

"மத்தியானம் ஆவுமாட்டம் இருக்குது. சுண்ணாம்புத் தண்ணி ஊத்துங்க."

"ஊத்தியாச்சு."

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க. மேல நெழலு கட்டுங்க, ஈரச் சாக்குப் போடுங்க."

"வெல்லம் கறுத்துரும் புள்ள. மண்டியில மொகஞ் சுளிப்பாங்க."

"கறுத்தா வெல்லம். புளிச்சா நமக்குக் கஞ்சித் தொட்டிதான். ஊத்துங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆறையும் கழட்டுங்க. பாதியில நின்னு தவிக்க என்னால ஆவாது. எனக்கும் ஒரு உப்புத்தாள் குடுங்க."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். வெல்டர் டயோடுகளைக் கழற்றக் கழற்ற, பழைய பழக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் கலர் நூல் கட்டினார். இந்தத் தடவை அந்த நூல் எனக்கு உதவியாகத்தான் இருந்தது. அவள் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு பாத்திரம் விளக்குகிற வேகத்தில் தேய்த்தாள். அடிக்கடி என்னிடம் நீட்டி, "போதுமா? மொகம் தெரியுது" என்றாள். முகம் தெரிய வேண்டியதில்லை, பெயிண்ட் தெரியாமல் இருந்தால் போதும் என்றேன். விரல் இடுக்கெல்லாம் வெள்ளித்தூள். நடுவில் வெல்டர் உள்ளே போய், அவர் சம்சாரம் காலையிலேயே கட்டி வைத்துவிட்டுப் போயிருந்த புளிச்சோற்றை எடுத்து வந்தார். தூளைத் துடைத்துவிட்டு மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. எத்தனையோ ஊரில் எத்தனையோ மெஷினைக் குனிந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பக்கத்தில் ஒருத்தர் நின்றுகொண்டு, எப்போது ஆகும், எப்போது ஆகும் என்று கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பதற்குப் பதிலாகக் கூட உட்கார்ந்து தேய்த்தவள் இவள் ஒருத்திதான். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து ஈரக் காற்று வந்தது. கூலி வேலையில் இது மாதிரி ஒரு பகல் எப்போதாவதுதான் வாய்க்கும். வாய்க்கும்போது தெரிந்துவிடும்.

ஒவ்வொரு டயோடின் அடியிலும் சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசையைப் பொட்டுப் போலத் தடவினேன். அம்பைப் பார்த்து, நூலின் நிறத்தைப் பார்த்து, திரும்பவும் அம்பைப் பார்த்து மாட்டினேன். ரொம்ப இறுக்கினால் மரை அறுந்துவிடும், தளர்ந்தால் சூடு இறங்காது. கை சொல்கிற இடத்தில் நிறுத்தினேன். கம்பிகளைப் பழையபடி சேர்த்து, ஆறையும் மீட்டரில் இன்னொரு தடவை பார்த்து, பியூஸ்களைப் போட்டேன்.

வெல்டர் அதே ஆங்கிளில் இரண்டு ராடு ஓட்டினார். அணைத்துவிட்டுத் தகட்டில் கை வைத்தேன். சுட்டது. வெயிலில் கிடந்த தட்டத்தைத் தொடுவது போல, ஆறும் ஒரே மாதிரிச் சுட்டன.

"தொட்டுப் பாருங்க," என்றேன் வெல்டரிடம். அவர் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். காய்ச்சல்கார ஆளின் நெற்றியைத் தொடுகிற மாதிரி வைத்திருந்தார், ஆனால் முகத்தில் நிம்மதி.

அதற்கப்புறம் வேலை அவருடையது. வெடிப்பின் இரண்டு முனையிலும் பொடி ஓட்டை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தினார். மேலே ஒரு தகட்டை வளைத்துப் பொருத்தி, ஒரே மூச்சில் ஓட்டாமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகத் தைத்துக்கொண்டே வந்தார். நான் மெஷின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட உறுமவில்லை.

கொப்பரையை நிமிர்த்திச் செங்கல் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். அவள் மண்ணில் மல்லாந்து படுத்து, அதன் அடிக்குள் தலையை விட்டு, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். நானும் வெல்டரும் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்ன அம்மிணி, தூங்கிட்டியா?"

"சொட்டலீங்க." குரல் கொப்பரைக்கு அடியிலிருந்து எதிரொலித்தது. "ஒரு சொட்டுக்கூட இல்லீங்க."

கொண்டுவந்த டிராக்டரிலேயே கொப்பரை ஏறியது. நான் ராசிபுரம் திரும்பலாம் என்றுதான் இருந்தேன். வெல்டர் விடவில்லை. "மெஷின் பொழைச்சுது, கரும்பு பொழைச்சுதான்னு தெரிய வேண்டாமா?" என்றார். டிராக்டர் பின்னாலேயே மொபெட்டில் போனோம்.

ஆலையில் அவள் வீட்டுக்காரர் ஈரச் சாக்கை விலக்கிவிட்டுத் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார். அவர் நிஜமாகவே பேசவில்லை. ஒரு டம்ளரில் சாற்றை மொண்டு அவளிடம் கொடுத்தார். அவள் குடித்தாள், வாயில் வைத்திருந்து விழுங்கினாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தோம்.

"சுண்ணாம்பு அடிக்குது," என்றாள். "இனிப்பு இருக்குது. ஊத்துங்க."

தீயைக் கூட்டினார்கள். அடுப்பிலிருந்து உஸ்ஸென்ற சத்தம் வரவில்லை. சாறு கொதித்து, அழுக்கு மேலே வந்து, அதை அள்ளி எறிந்து, மறுபடியும் கொதித்துக் கெட்டியாவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. மரத்தொட்டியில் சாய்த்தபோது பாகு வழக்கத்தைவிட ஒரு படி கறுப்பாகத்தான் இருந்தது. ஆலைக்காரர் பார்த்துவிட்டு, கறுப்புக்கும் ஆள் இருக்கிறார்கள், கசாயத்துக்குக் கேட்கிறவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள் என்றார். நிஜமாகச் சொன்னாரா ஆறுதலுக்குச் சொன்னாரா தெரியாது. அவள் சூட்டோடு உருண்டை பிடிக்க உட்கார்ந்துவிட்டாள். கை வேகமாகப் போனது. முதல் தொட்டி தீர்வதற்குள் அடுத்த கொப்பரை அடுப்பில் ஏறியிருந்தது.

வெல்டர் என்னைத் தனியே இழுத்தார். "அண்ணா, மெஷினை அடுத்த ஆயுத பூசைக்கு என்ன பண்றதுங்க? சும்மா வுட முடியாது."

"வெளிய என்ன வேணாலும் அடிங்க. உள்ளார ஒரு பிரஷ்ஷுல தூசி தட்டுங்க. அதுவும் பூசைதான்."

"பொட்டு?"

"மூடி மேல வெய்யுங்க."

அவர் தலையாட்டினார். "நூலு கட்டுனது மட்டும் தப்பில்லையே?"

"அது நல்ல காரியமுங்க. எனக்கே இனிமே அந்தப் பழக்கம் வரோணும்."

பட்டறையில் ஒரு அறை காலியாக இருக்கிறது, பொங்கல் முடியும்வரை தங்குங்கள் என்றார். தங்கியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலை திருச்செங்கோட்டில் ஒரு ரிக் பட்டறையில் வரச் சொல்லியிருந்தார்கள். அது இல்லாவிட்டாலும் வேறெங்காவது போயிருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது அவள் எழுந்துகூட வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு உருண்டையை வாழையிலைக் கிழிசலில் வைத்து நீட்டினாள். சுடச்சுட இருந்தது. அவள் நகக்கண்ணில் இன்னும் வெள்ளித்தூள் இருந்தது.

"தொட்டுப் பாத்தீங்களா? சுடுது," என்றாள். "நல்லபடியாப் போயிட்டு வாங்க சாமி."

திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி இலையைப் பிரித்தேன். உருண்டை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கடித்தேன். கொஞ்சம் சுண்ணாம்பு வாடை, கொஞ்சம் புகை. முழுசையும் தின்றுவிட்டு இலையை நக்கினேன். புளிப்பு இல்லை.